கடைசிப் பாட்டுக்கு ஏற்ற பெட்டி

விஜயநகர், மைசூரு
15 ஜூன் 2025

தாரணிக்கு,

அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை. தொழில் விஷயம்.

நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பிலும் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். என் மகன் தருண்குமார் கல்யாணத்தில் அத்தனை பேர் நடுவில் மலை மாதேஸ்வரன் சாமி மேல் சத்தியம் பண்ணினாய், இனி அண்ணனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. பேசத்தானே கூடாது? எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆனபிறகு இங்கே ஒரு கரோக்கி குழுவில் சேர்ந்திருக்கிறேன். பாட்டின் இசை மட்டும் போனிலிருந்து வரும், நாம் மைக்கைப் பிடித்துப் பாட வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் லேஅவுட் சங்கத்துக் கூடத்தில் கூடுகிறோம். பேங்கில் இருந்த மஞ்சுநாத், டீச்சராக இருந்த மாதேவி, முரளிதரன் என்று நல்ல மனிதர்கள். கன்னடம், தமிழ், இந்தி எல்லாம் பாடுவோம். கூடத்துச் சாவி என் பொறுப்பில் இருக்கிறது.

அங்கே சங்கத்துக்காரர்கள் எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு விசித்திரமான கோளாறு. மஞ்சுநாத் பாடினால் வார்த்தைக்கு வார்த்தை தெளிவு. மாதேவி பாடினாலும் அப்படியே. என் முறை வரும்போது மட்டும் சத்தம் கூடம் முழுக்கச் சுற்றுகிறது. ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் முந்தின வரி திரும்பி வந்து அதன் மேல் விழுகிறது. கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருக்கிறது. பெட்டி நேரம் ஆக ஆகச் சூடேறிக் குழம்புகிறது என்று நினைக்கிறேன்.

அதனால் புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாய் கட்டின காலத்து மைக் செட். இப்போது பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பவர்டு ஸ்பீக்கர் என்று விற்கிறார்கள். எதை எடுப்பது, எத்தனை எடுப்பது என்று புரியவில்லை. குழுவில், "நீங்களே வாங்கிப் போடுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. உனக்குத் தெரிந்ததில் பாதி சொன்னால் போதும்.

இராமச்சந்திரன்

ஹனூரில் மழை உண்டா? இங்கே தினமும் சாயங்காலம் பெய்கிறது.


தாரணி மைக் செட், ஹனூர்
20 ஜூன் 2025

விஜயநகர் இராமச்சந்திரன் அவர்களுக்கு,

தொழில் விஷயம் என்றால் தொழில் விஷயமாகவே பதில் எழுதுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் பேனா ஓடவில்லை. உங்களுக்குச் சத்தத்தை நிறுத்தத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வாங்கவும் ஆசை வந்துவிட்டதா?

உங்கள் மகன் கல்யாணத்துக்கு அத்தைச் சீராக என் செட் முழுவதையும் ஏற்றிக்கொண்டு மைசூர் வந்தேன். சத்தம் அதிகம் என்றால் ஓர் ஆளை அனுப்பி, "கொஞ்சம் குறைச்சுக்க" என்று சொல்லியிருக்கலாம். குறைத்திருப்பேன். நீங்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து, சம்பந்தி வீட்டார் பார்க்கப் பார்க்க, மெயின் சுவிட்சைப் பிடுங்கினீர்கள். டப் என்று ஒரு சத்தம். பெட்டிகளுக்குள் மேல் சத்தம் கொடுக்கிற ட்வீட்டர் இரண்டு போனது. அதை மாற்றிவிட்டேன். மற்றதை எந்தக் கடையில் மாற்றுவார்கள் என்று தெரியவில்லை.

இனி பெட்டி விஷயம்.

ஆயிரம் வாட்டு, இரண்டாயிரம் வாட்டு என்று மேலே ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். அது ஒரு நொடி அலறினால் வருகிற கணக்கு. தொடர்ந்து எத்தனை வாட்டு தாங்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மனிதக் குரலுக்குப் பன்னிரண்டு அங்குலப் பெட்டி போதும். பதினைந்து அங்குலத்தில் பேஸ் இடிக்கும், குரல் பின்னால் போய்விடும். கலர் லைட் மினுக்குகிற பெட்டி பக்கமே போகாதீர்கள், லைட்டுக்குக் கொடுக்கிற காசு காதுக்கு வராது. ரிப்பேர் என்றால் மைசூரிலேயே பார்க்கிற ஆள் உண்டா என்று விசாரியுங்கள். கடையில் அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டு மயங்காமல், மைக் வாங்கி உங்கள் குரலில் பாடிப் பாருங்கள். பாட்டு நின்றபிறகு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். புஸ் என்று இரைந்தால் வேண்டாம்.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் எனக்குச் சில விவரம் வேண்டும். கூடம் எவ்வளவு பெரியது, சுவரும் தரையும் என்ன? எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள்? இது எல்லாவற்றையும் விட முக்கியம். அப்புறம், பெட்டியை ஸ்டாண்டில் ஏற்ற உங்களோடு இன்னொருவர் யார்? ஒற்றை ஆளாக ஏற்றினால் இடுப்பு போய்விடும். உங்கள் வயதுக்கு நிச்சயம் போகும்.

தாரணி
உரிமையாளர்

மழை இல்லை. திருவிழாக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.


விஜயநகர், மைசூரு
29 ஜூன் 2025

தாரணிக்கு,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கல்யாண விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சத்தம் அதிகம்தான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். சம்பந்தியின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது போகட்டும்.

விவரம் கேட்டிருந்தாய். கூடம் அறுபதடிக்கு முப்பதடி இருக்கும். மேலே கான்கிரீட், கீழே கிரானைட், சுவரெல்லாம் வழவழவென்று டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கேட்கிறவர்கள் எழுபது பேர் என்று வைத்துக்கொள். தூக்குவதற்கு ஆள் கிடைப்பார்கள், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

கடையில் ஒரு பெட்டியை ஓடவிட்டார்கள். தரை அதிர்ந்தது. நீ சொன்னபடி மைக்கைக் கேட்டு வாங்கினேன். வாங்கினேனே தவிர, அத்தனை வாடிக்கையாளர்கள் நடுவில் பாட வாய் வரவில்லை. "ஹலோ... ஹலோ..." என்று மட்டும் சொன்னேன். அதையே நாலைந்து தடவை சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. கடைக்காரர், "யாரன்ன கரீத்தா இத்தீரா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். யாரைக் கூப்பிடுகிறேன் என்று கேட்கிறார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

உன்னிடம் சொல்வதற்கென்ன. அந்தக் கூடத்தை விட்டால் என் குரலை நானே கேட்பது குறைந்துவிட்டது. வீட்டில் யாரோடு பேசுவது? தருண் புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பான். போட்டேன் என்பேன். அதோடு முடிந்தது. பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் இப்போது போனிலேயே பணம் போய்விடுகிறது, அவர்களோடும் பேச்சில்லை.

போன வருடம் உன் அண்ணி பாப்பாத்தி காரியத்துக்கு நீ வந்ததை நினைத்துக்கொள்கிறேன். சமையல்காரரிடம் அரிசி அளவு சொன்னாய். தருணைக் கட்டிப்பிடித்து அழுதாய். பாப்பாத்தியின் சேலைகளை எடுத்து மடித்து வைத்தாய். என் முன்னால் காப்பி டம்ளரை நீட்டினாய், ஒரு வார்த்தை இல்லை. பெண்டாட்டி போனதற்கு இந்த ஆள் அழவே இல்லையே என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். நீ ஒரு தடவை அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன்.

தொழில் விஷயம் என்று ஆரம்பித்துவிட்டு எங்கோ போய்விட்டேன். எந்தப் பெட்டி என்று மட்டும் எழுது.

இராமச்சந்திரன்


ஹனூர்
4 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

நான் நீட்டின டம்ளரில் பாதிக் காப்பிதான் இருந்தது, உங்களுக்குத் தெரியவில்லையா? மீதி வருகிற வழியில் தரையில் சிந்திவிட்டது. என் மகள் பூங்குழலி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மாதேஸ்வரன் மேல் பண்ணின சத்தியத்தை மீறி வாயைத் திறந்தால் அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். நம் பக்கத்தில் அவரோடு விளையாடினவர்கள் கதையெல்லாம் நீங்களும் கேட்டு வளர்ந்தவர்தானே. வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்து, கொள்ளேகால் பஸ்ஸில் ஏறியபிறகு கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே இல்லை.

அண்ணி இருந்தவரை எனக்கு ஒன்றும் குறையில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் சத்தமாகச் சொல்வேன். "அந்த மனுசனுக்கு சுகர் இருக்குது, லட்டு வெக்காதீங்க அண்ணி" என்றால் பின்னால் நீங்கள் செருமுவது கேட்கும். அவள் போனபிறகுதான் சத்தியத்தின் கனம் தெரிகிறது.

இங்கேயும் ஒன்றும் குதூகலம் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தபோது நான் மைக்கில் பேசுவேன், அவர் மைதானத்துக் கடைசியில் போய் நின்று கையைத் தூக்குவார். தூக்கினால் கேட்கிறது என்று அர்த்தம். இப்போது கருப்புசாமி இருக்கிறான், பெட்டி தூக்குவான், ஆனால் காது கிடையாது. எப்படி இருந்தாலும் "சூப்பருங்க்கா" என்பான். அதனால் என் குரலையே பதிவு பண்ணி ஓடவிட்டு, நானே கடைசி வரைக்கும் நடந்து போய் நின்று கேட்கிறேன். தனியாக நின்று என் குரலை நானே கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது என்னமோ போல இருக்கும்.

சரி, பெட்டி. உங்கள் காசுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் நல்லதாக ஒன்று எடுங்கள். ஒன்றுதான். ஜோடி வேண்டாம். மட்டமான இரண்டைவிட ஒழுங்கான ஒன்று மேல். நாளைக்குக் கையில் காசு வந்தால் அதே ரகத்தில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம். பெட்டி சூடேறினால் நின்றுபோகும், இல்லாவிட்டால் கரகரக்கும். ஆள் பார்த்துக் குழம்பாது. மஞ்சுநாத்துக்குத் தெளிவாக இருந்து உங்களுக்கு மட்டும் ஏன் சுற்றுகிறது? நீங்கள் எத்தனையாவதாகப் பாடுகிறீர்கள்? அதை எழுதுங்கள். அதுவரை பொறுங்கள்.

தாரணி


விஜயநகர், மைசூரு
13 ஜூலை 2025

தாரணி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அதற்கு முந்தின சனிக்கிழமையே வாங்கிவிட்டேன். பதினைந்து அங்குலம், ஜோடி. ஜோடியாக எடுத்தால் விலை குறைவு என்றார்கள். லைட்டும் மினுக்கும். திட்டாதே. கடையில் அத்தனை நேரம் ஓர் ஆள் என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார், ஒன்றும் வாங்காமல் வர மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என்னால் அசைக்க முடியவில்லை. கீழே காய்கறி வண்டிக்காரரைக் கெஞ்சி உள்ளே ஏற்றினேன். கூடத்துக்கு ஆட்டோவில் கொண்டு போனேன். ஸ்டாண்டில் ஏற்றவில்லை. இரண்டையும் தரையிலேயே வைத்தேன்.

நேற்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சுநாத் முதலில் பாடினார். அவர் வீட்டிலிருந்து மனைவி, மச்சினி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு வரிசை வந்திருந்தது. எல்லோரும் புதுப் பெட்டியைப் பார்த்து, "சூப்பராகிதே சார்" என்றார்கள். அவருக்குச் சீக்கிரம் சாப்பிட வேண்டும், பாடினதும் கிளம்பிவிட்டார்கள். முரளிதரன் இரண்டு பாட்டு. அவர் தெருக்காரர்களும் அவரோடு வருவார்கள், அவரோடு போவார்கள். மாதேவி டீச்சர் பாடினார், அவரைக் கூட்டிப் போக மகள் ஸ்கூட்டரோடு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள், டீச்சர் பாட்டு முடிந்ததும் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினார், அவர் பாட்டுக்காக இருந்த பழைய மாணவிகளும் கூடவே கிளம்பிவிட்டார்கள். எனக்குச் சாவி இருப்பதால் எப்போதும் நான்தான் கடைசி. அதில் எனக்கு வருத்தமில்லை. யாராவது ஒருவர் பூட்டித்தானே ஆக வேண்டும்.

என் முறை வந்தது. பழைய பெட்டியைவிட மோசம். இடி இடிக்கிறது, என் குரல் எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இத்தனை காசு கொட்டி வாங்கியும் என் அதிர்ஷ்டம் இப்படி. கடைக்காரர் பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார். குறைபாடுள்ள பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நுகர்வோர் மன்றத்தில் எழுதிக் கொடுக்கலாமா? நீ அனுபவசாலி, சொல்.

இராமச்சந்திரன்


ஹனூர்
17 ஜூலை 2025

அண்ணா,

யார் மேலும் புகார் எழுத வேண்டாம். பெட்டியில் கோளாறு இல்லை. பழைய பெட்டியிலும் இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒருவர் பாடினதும் அவர் ஆட்கள் எழுந்து போகிறார்கள். அடுத்தவர் பாடினதும் அவர் ஆட்கள். மனித உடம்பும் அவர்கள் உடுத்தின துணியும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். நாற்காலி காலியானால் டைல்ஸும் கிரானைட்டும் கண்ணாடியும் அதை அப்படியே திருப்பி எறியும். மஞ்சுநாத்துக்குத் தெளிவாகக் கேட்டது, அவர் முன்னால் ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் பாடும்போது கூடத்தில் யாரும் இல்லை. அதனால்தான் உங்கள் குரல் உங்களிடமே திரும்பி வருகிறது.

இது உங்களுக்கே தெரியும் என்று தோன்றுகிறது. தெரிந்துகொண்டுதான் பெட்டி மேல் பழி போட்டீர்களா? எழுபது பேர் என்று எனக்கு எழுதினீர்களே, அதை எழுதும்போது மனசு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேல் அல்ல. யார் மேல் என்று தெரியவில்லை.

தொழில் முறையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பெட்டியை மட்டும் போடுங்கள். தரையில் வைக்காமல் ஆளைப் பிடித்தாவது ஸ்டாண்டில் ஏற்றி, முன் வரிசையைப் பார்த்துத் திருப்புங்கள். பேஸை நன்றாகக் குறையுங்கள். சத்தத்தைப் பாதியாக்குங்கள். கண்ணாடிப் பக்கம் கனமான திரை போடச் சொல்லிச் சங்கத்தில் கேளுங்கள். இதெல்லாம் கொஞ்சம் உதவும். முழுக்க உதவாது.

இன்னொரு வழி சுலபம். சாவியை மஞ்சுநாத்திடம் கொடுத்துவிட்டு அடுத்த தடவை முதல் ஆளாகப் பாடுங்கள். பாடிவிட்டு நீங்களும் கிளம்பிவிடுங்கள். நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

நாலாவது சனிக்கிழமை இருபத்தாறாம் தேதிதானே? சும்மா கேட்டேன். அன்றைக்கு எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு செட்டு வாடகை பேச வேண்டியிருக்கிறது.

தாரணி


விஜயநகர், மைசூரு
27 ஜூலை 2025

அம்மிணி,

நேற்று நீ எப்போது உள்ளே வந்தாய் என்றே எனக்குத் தெரியவில்லை. மாதேவி டீச்சர் கிளம்பிப் போனார். நான் போனில் பாட்டைத் தேடி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். கடைசி வரிசையில், கதவு ஓரத்து நாற்காலியில், குடையை மடி மேல் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். நஞ்சன்கூட்டுச் செட்டு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நீ பதில் சொல்ல முடியாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாடினேன். ஒரு பெட்டிதான் போட்டிருந்தேன், பேஸையும் குறைத்திருந்தேன், நீ கவனித்திருப்பாய். எதிரொலி அப்படியேதான் இருந்தது. ஓர் ஆள் வந்து உட்கார்ந்ததால் குறைந்துவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அது தொந்தரவாகவே இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். உன் விரல் குடைக் கைப்பிடியில் தாளம் போட்டது. பாப்பாத்தி போனபிறகு என்னை ஒருவர் இப்படிக் கேட்டது நேற்றுதான்.

இரண்டாவது சரணத்தில் பெட்டி ஊளையிட்டது. நீ துள்ளி எழுந்தாய். "அண்ணா, மைக்கைத் திருப்புங்க! பொட்டிக்கு முன்னால போவாதீங்க!" என்று கத்தினாய். அந்தக் கூடம் உன்னையும் விடவில்லை. அண்ணா அண்ணா அண்ணா என்று சுவரெல்லாம் கூப்பிட்டது. நான் மைக்கைத் திருப்பினேனா, அணைத்தேனா என்று நினைவில்லை.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். முகம் வெளுத்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாய். நான் மைக்கைக் கீழே வைத்தேன். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அழுதேன் அம்மிணி. ஒரு வருடத்துக்கும் மேலாக உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நல்ல வேளை, அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பூங்குழலிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. பாவம் என்று இருந்தால் அது என் தலையில் வரட்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன். பத்திரமாக ஊர் சேர்ந்தாயா என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


ஹனூர்
2 ஆகஸ்ட் 2025

அண்ணா,

ஊர் சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறினதும் பூங்குழலியைக் கூப்பிட்டேன். "எதுக்கும்மா இப்படி மூச்சு வாங்குறீங்க, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றாள். குழந்தையைப் போனில் சிரிக்கச் சொல்லிக் கேட்டேன். அடுத்த நாளும் கூப்பிட்டேன், அதற்கடுத்த நாளும். இப்போது போனை எடுத்ததுமே "நல்லா இருக்கோம்" என்கிறாள்.

பயம் அடங்கினபிறகு யோசிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் முதல் மைக் செட் வாங்கினபோது குழாய் தூக்கிக் கட்டினதே நீங்கள். பெட்டிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள். எத்தனை திருவிழாவில் பாடியிருக்கிறீர்கள், ஒரு நாள் ஊளை விட்டதில்லை. அன்றைக்கு நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர், சரணத்துக்கு நடுவில், பாட்டையும் நிறுத்தாமல், மைக்கை நீட்டிக்கொண்டு பெட்டிக்கு நேர் முன்னால் நாலடி நடந்து போனீர்கள். நான் கண்ணை மூடியிருந்தேன் என்று நினைத்தீர்களா? ஊளைச் சத்தம் கேட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்று தெரிந்து செய்தீர்கள். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனம். சாமியையே ஏமாற்றப் பார்க்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு உங்களை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியாது. பஸ் நரசீபுரம் தாண்டுகிற வரை திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாட்டு நன்றாக இருந்தது. மேலே போகும்போது சுருதி கொஞ்சம் இறங்குகிறது, மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதேஸ்வரன் மலைக்கு ஆள் விட்டுக் கேட்டேன். சத்தியத்தை மீறினவரும் மீற வைத்தவரும் சேர்ந்து வந்து தப்புக் காணிக்கை போட்டால் சாமி பொறுத்துக்கொள்வார் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை காலை முதல் பஸ் பிடித்து ஹனூர் ஸ்டாண்டில் வந்து இறங்குங்கள். நான் நிற்பேன். காணிக்கை போடுகிற வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீங்களும் பேச்சுக் கொடுத்து என்னை மறுபடி மாட்டிவிடாதீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

மலை இறங்கும்போது பேசுவேன். முதலில் திட்டுவேன், அதற்கு அரை மணி நேரம் ஆகும், குறுக்கே வரக்கூடாது. அண்ணி போனதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவள் என்ன சாப்பிட்டாள், என்ன கேட்டாள், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்க வேறு யாரும் வேண்டாம், நான் இருக்கிறேன்.

தங்கச்சி
தாரணி